ஒரு நேரம் கேட்கும், ஒரு நேரம் கேட்காது: ஸ்மார்ட் வீட்டு ரிமோட்டைச் சரிபார்க்கும் வழி

முழுசாகச் செத்துப்போன ரிமோட்டால் பெரிய தொந்தரவு இல்லை. பேட்டரி மாற்றுவோம், அப்படியும் ஆகவில்லை என்றால் புதுசு வாங்குவோம். காலையில் நன்றாக வேலை செய்து ராத்திரி மக்கர் பண்ணும் ரிமோட்தான் ஆளை அலைக்கழிக்கும். கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் இந்தக் கோளாறுக்கென்று சில காரணங்கள் உண்டு: கடற்காற்றின் உப்பு, இரண்டு பருவமழை தரும் ஈரம், தடித்த வெட்டுக்கல் சுவர், போய்ப்போய் வரும் கரண்ட். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி வேலை குறையும்.

ரிமோட் சொதப்பியதும் பலரும் அதை ஹப்பிலிருந்து (எல்லாச் சாதனங்களையும் இணைக்கும் மையப் பெட்டி) நீக்கிவிட்டு மறுபடி பேர் செய்கிறார்கள், அதாவது புதிதாக இணைக்கிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேர் செய்யும்போது ரிமோட்டை ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறோம், அதற்குப் புதிதாக ஒரு நல்ல தொடர்பு கிடைக்கிறது, இரண்டு நாள் பிரமாதமாக ஓடுகிறது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. நடுவில் லாக்கில் (ஹப்பின் நிகழ்வுப் பதிவு) இருந்த தடயங்களும் போய், ஆட்டோமேஷன்களும் (எந்தப் பட்டனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த விதிகள்) அறுந்திருக்கும்.

முதலில் கையில் இருப்பது எந்த வகை ரிமோட் என்று தெரிய வேண்டும். பி.எல்.டி.சி. மின்விசிறி, ஏ.சி. ரிமோட்டுகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு வகை. முனையில் சின்ன எல்.இ.டி. இருக்கும், நேராக நீட்டினால்தான் கேட்கும். போன் கேமராவைத் திறந்து அந்த எல்.இ.டி.யைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுங்கினால் ரிமோட் சிக்னல் அனுப்புகிறது. சில போன்களில் பின்கேமரா இதைக் காட்டாது, செல்ஃபி கேமரா காட்டும். மினுங்கியும் வேலை செய்யவில்லை என்றால் எதிர்ப்பக்கத்து ரிசீவரைப் பாருங்கள். மேற்கு ஜன்னல் வழியே சாயங்கால வெயில் நேராக அதன்மேல் விழுந்தாலும் கேட்காது. அகச்சிவப்பு ரிமோட்டுக்கு இவ்வளவு போதும்.

கேட், ஷட்டர் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை. அவற்றைக் கடைசியில் பார்ப்போம். சுவரில் ஒட்டும் பட்டன், நான்கு பட்டன் சீன் சுவிட்ச், திருகும் டிம்மர் ஆகியவற்றில் பெரும்பகுதி ஜிக்பீ என்ற குறைமின் ரேடியோ முறையில் ஓடுபவை. தலைவலியும் அதில்தான் அதிகம், எனவே இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றியே.

லாக்கைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

பட்டன் அழுத்தியது முதல் விளக்கு எரிவது வரை ஐந்து இடங்கள் உள்ளன: பட்டன், பேட்டரி, காற்றில் போகும் சிக்னல், ஹப், விளக்கு. எந்த இடத்தில் அறுகிறது என்பதை ஹப்பின் லாக் சொல்லிவிடும். ஜிக்பீ2எம்.கியூ.டி.டி. மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் லாக் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளின் ஜிக்பீ பகுதியான இசட்.எச்.ஏ. என்றால் டெவலப்பர் டூல்ஸில் ஈவன்ட்ஸ் பகுதி. துயா போன்ற ஆப்களில் அந்தச் சாதனத்தின் வரலாற்றுப் பக்கம் ஓரளவுக்கு உதவும்.

ரிமோட் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே நின்று, ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்று 20 தடவை அழுத்துங்கள். இன்னொருவர் லாக்கைப் பார்த்து எண்ணட்டும். அதே சோதனையை ஹப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒருமுறை செய்யுங்கள்.

இருபதும் லாக்கில் வந்து விளக்கு மட்டும் சில நேரம் எரியவில்லை என்றால் ரிமோட் குற்றமற்றது. ஆட்டோமேஷனிலோ விளக்கிலோ கோளாறு. பக்கத்தில் இருபதும், தூரத்தில் பன்னிரண்டும் வந்தால் காற்றுவழியில் சிக்கல், அல்லது பேட்டரி தளர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே விட்டு விட்டுத்தான் வருகிறது என்றால் பட்டனையும் பேட்டரி தொடுமுனையையும் சந்தேகப்படுங்கள். முதல் அழுத்தம் மட்டும் எப்போதும் விழுங்கப்பட்டு இரண்டாவது முதல் சரியாக வருகிறது என்றால், ரிமோட் தன் பழைய தொடர்பை இழந்து ஒவ்வொரு முறையும் புதுசு தேடுகிறது என்று பொருள்.

எரிந்து உடனே அணைவது தனி ரகம். லாக்கில் ஒரே ஒரு நிகழ்வு பதிவாகி விளக்கு இரண்டு முறை மாறினால், ரிமோட் அந்த விளக்கோடு நேரடியாக பைண்ட் ஆகியிருக்கிறது (ஹப்பின் ஆட்டோமேஷன் இல்லாமலே பிணைந்திருக்கிறது), அதே பட்டனுக்கு ஆட்டோமேஷனும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டுமே 'டாகிள்' செய்கின்றன, அதாவது எரிந்தால் அணைக்கின்றன, அணைந்திருந்தால் எரியவிடுகின்றன. இரண்டில் ஒன்றை நீக்கினால் தீர்ந்தது. ஒரே அழுத்தத்துக்கு லாக்கில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து விழுந்தால், பட்டனுக்குள் தொடுமுனை துள்ளுகிறது. அது வன்பொருள் பழுது.

பேட்டரி: மீட்டர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

சி.ஆர்.2032 காசு பேட்டரியின் வோல்டேஜ், ஆயுள் முழுக்க 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், கடைசியில் திடீரென்று சரியும். ஆப்பில் காட்டும் சதவீதம் இந்த வோல்டேஜை வைத்துப் போடும் கணக்குதான். 80 காட்டும்போதே ரிமோட் தடுமாறுவது இதனால்தான். பேட்டரி பழசாக ஆக உள்தடை ஏறுகிறது. சும்மா மீட்டர் வைத்தால் 2.9 காட்டும், ரிமோட் சிக்னல் அனுப்பும் அந்தக் கண நேரத்தில் சரேலென்று இறங்கி, உள்ளிருக்கும் சிப் ரீசெட் ஆகிவிடும்.

ஆகவே சுமை கொடுத்துப் பாருங்கள். 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை பேட்டரியின் இரு பக்கமும் தொடும்படி பிடித்துக்கொண்டு, மூன்று விநாடி கழித்து மீட்டரில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 13 மில்லி ஆம்பியர் இழுக்கும்; ஜிக்பீ சிப் அனுப்பும்போது இழுப்பதும் சுமாராக இவ்வளவுதான். 2.7 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. 2.5-க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். இடைப்பட்டது என்றால் இன்னும் கொஞ்ச நாள் ரிமோட்டை ஓட்டும்.

சி.ஆர்.2032 இருக்க வேண்டிய இடத்தில் சி.ஆர்.2025-ஐப் போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு. விட்டம் இரண்டுக்கும் 20 மி.மீ. தான், தடிமன் முதலாவதற்கு 3.2, இரண்டாவதற்கு 2.5. உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், கையில் எடுத்தால் ஒரு மாதிரி, சுவரில் வைத்தால் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். இன்னொன்று, குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய காசு பேட்டரிகள் வருகின்றன. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் சில ரிமோட்டுகளில் அந்தப் பூச்சு தொடுமுனைக்கு நடுவே நின்று தடை போடும். புது பேட்டரி போட்டதிலிருந்துதான் கோளாறு என்றால், பூச்சில்லாத ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

கழற்றிய பேட்டரியைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும் அளவுக்கு ஆபத்தானது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உப்புக்காற்று

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் பேட்டரியைவிடத் தொடுமுனைதான் முதலில் கெடும். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையோ நீலமோ பூத்திருந்தால் செம்பு அரித்திருக்கிறது. ட்ரிபிள்-ஏ பேட்டரி போடும் ரிமோட்டில் வெள்ளைப் பொடி இருந்தால் அது பேட்டரி கசிந்த காரம்.

வெள்ளைப் பொடிக்கு, காது குடையும் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடையுங்கள். மெல்ல நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட இன்னொரு பட்ஸால் இரண்டு முறை துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். பச்சைப் பூப்புக்குப் பென்சில் அழிக்கும் ரப்பரை வைத்து லேசாகத் தேய்த்துவிட்டு அதே ஆல்கஹால். உப்புத்தாள் போட்டு உரசினால் மேல்முலாம் போய், அடுத்த மழைக்குள் இன்னும் மோசமாக அரிக்கும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு, காய்ந்தபின் பிசுபிசுப்பு தங்கிவிடும்.

காசு பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய தகடு நாளடைவில் தளரும். பேட்டரியை எடுத்துவிட்டு, மர டூத்பிக்கால் அதை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்திவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டும்போது மட்டும் வேலை செய்கிறதென்றால் சிக்கல் பெரும்பாலும் இந்தத் தகட்டில்தான்.

அடுத்தது பட்டன். அழுத்தினால் மெத்தென்று இருந்தால் உள்ளே ரப்பர் பாய், அதன் அடியில் கறுப்புக் கார்பன் புள்ளிகள். டக்கென்று சத்தம் வந்தால் உலோக மைக்ரோ சுவிட்ச். ரப்பர் வகையில் கார்பன் புள்ளியையும் எதிரே பலகையில் இருக்கும் கோடுகளையும் ஆல்கஹால் தொட்டு ஒரே ஒரு முறை மென்மையாகத் துடைத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் கார்பனே உரிந்துவிடும். மைக்ரோ சுவிட்ச் துள்ளினால் கான்டாக்ட் கிளீனரை ஒரு சின்னப் பீய்ச்சு பீய்ச்சி, முப்பது தடவை அழுத்திவிட்டு, லாக்கைத் திரும்பப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மொபைல் ரிப்பேர் செய்பவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. பலகையைக் கழற்றிக் கொண்டுபோனால் அளவு பார்த்துப் போட்டுத் தருவார்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு ஆரம்பித்ததா?

இந்தக் கேள்விக்கு விடை 'ஆமாம்' என்றால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடலாம்.

ஜிக்பீ ரிமோட் ஹப்போடு நேரடியாகப் பேச வேண்டும் என்றில்லை. எப்போதும் கரண்டில் இருக்கும் ஸ்மார்ட் பிளக், நியூட்ரல் கொடுத்த சுவிட்ச் மாட்யூல், பல்பு இவை ரௌட்டராக நின்று ரிமோட்டின் செய்தியை வாங்கிக் கைமாற்றிவிடும். ரிமோட் இவற்றில் ஒன்றைத் தாய்ச்சாதனமாகப் பிடித்துக்கொண்டு தூங்கப் போகிறது. நம் வீடுகளில் விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், பிளக் பாயின்ட்டுகள் பல நேரடி லைனில். கரண்ட் போனதும் ஸ்மார்ட் பிளக் செத்துவிடுகிறது. ஹப் மட்டும் இன்வெர்ட்டரில் உயிரோடு இருக்கிறது. ரிமோட் தாயைத் தேடி அலைகிறது. நல்ல ரிமோட் வேறொரு தாயைப் பிடித்துக்கொள்ளும். சில ரிமோட்டுகள், குறிப்பாக அகாராவின் பழைய மாடல்கள், பிடித்த தாயை விடாது. அது போனால் மறுபடி பேர் செய்யும்வரை மௌனம்தான்.

தீர்வு நேரடியானது. ரிமோட் இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஒரு ரௌட்டராவது இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். இரண்டு இருந்தால் நிம்மதி. நியூட்ரல் இல்லாமல் ஓடும் சுவிட்ச் மாட்யூல்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், பெரும்பாலும் அவை ரௌட்டர் வேலை பார்ப்பதில்லை. ஸ்மார்ட் பல்பையும் சேர்க்காதீர்கள். தூங்கப் போகும்போது யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். வீட்டுப் பெரியவர்களின் அந்தப் பழக்கத்தை மாற்ற முயல்வதைவிட ஒரு பிளக் வாங்கிப் போடுவது சுலபம்.

இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யு.பி.எஸ். பக்கம் தள்ளிவையுங்கள். நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளி கூடி, ஹப் ரீஸ்டார்ட் ஆகும். அது எழுந்து வரும்வரை வீட்டில் ஒரு ரிமோட்டும் கேட்காது.

இதைவிட நுட்பமான இன்னொரு காரணம் உண்டு, பலர் கண்ணில் இது படுவதே இல்லை. வைஃபை ரௌட்டரில் சேனல் 'ஆட்டோ'வில் இருந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்து ரௌட்டர் எழும்போதும் புதிதாக ஒரு சேனலைத் தேர்ந்தெடுக்கும். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன. நேற்றுவரை விலகியிருந்த வைஃபை இன்று ஜிக்பீயின் தலைமேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'திங்கள்கிழமை நன்றாக இருந்தது, புதன்கிழமை கெட்டது' என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுவே.

ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள். வைஃபை சேனல் 1, ஜிக்பீயின் 11 முதல் 14 வரை மூடுகிறது. 6 மூடுவது 16 முதல் 19 வரை. 11 மூடுவது 21 முதல் 24 வரை. இடைவெளியில் தப்புவன 15, 20, 25, 26. ஜிக்பீ2எம்.கியூ.டி.டி.யில் எதையும் மாற்றாமல் விட்டால் 11-ல் நிற்கும், அதாவது வைஃபை 1-ன் நேர் அடியில்.

செய்ய வேண்டியது இது: வைஃபை ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, சேனலை 1 என்று கையால் நிர்ணயித்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 40-ல் விட்டால் பாதி அலைவரிசையை அதுவே விழுங்கிவிடும். பிறகு ஜிக்பீயை 25-க்கு மாற்றுங்கள். 26-ஐச் சில சாதனங்கள் ஏற்பதில்லை, சிலவற்றில் அதில் சக்தியும் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை 12, 13-ல் ஓடினால் 25-ம் பாதிக்கப்படும். அப்போது 20-ஐப் பாருங்கள். போனில் ஏதாவது வைஃபை அனலைசர் ஆப் போட்டால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும்.

சேனல் மாற்றியதும் கரண்டில் இருக்கும் சாதனங்கள் பெரும்பாலும் தாமாகவே பின்தொடர்ந்து வரும். தூங்கும் ரிமோட்டுக்குச் செய்தி போய்ச் சேராது. பட்டனைப் பல முறை அழுத்தி ஐந்து நிமிடம் கொடுங்கள். வரவில்லை என்றால் அதை மட்டும் மறுபடி பேர் செய்ய வேண்டிவரும். பேர் செய்யும்போது, ஹப்புக்கு அருகில் கொண்டுபோகாமல், ரிமோட் நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் செய்யுங்கள். ஜிக்பீ2எம்.கியூ.டி.டி.யில் எந்த ரௌட்டர் வழியாகச் சேர வேண்டும் என்றே தேர்ந்தெடுக்கலாம்.

டாங்கிள், சுவர், பீரோ

ஹப் என்பது யு.எஸ்.பி. டாங்கிளாக இருந்தால், கணினியில் நேரடியாகச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய எஸ்.எஸ்.டி.யும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கக்கும். டாங்கிளை யு.எஸ்.பி. 2.0 போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீட்டருக்குக் குறையாத எக்ஸ்டென்ஷன் வயரில் தூக்கி நிறுத்துங்கள். செலவு சொற்பம், பலன் பெரிது. வைஃபை ரௌட்டரிலிருந்தும் அதேபோல ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், டி.வி. ஸ்டாண்டில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பது வேண்டாம்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளின் வெட்டுக்கல் சுவர் தடிமனானது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து நிற்கும்போது சிக்னலை இன்னும் கூடுதலாக விழுங்கும். வெயில் காலத்தில் சரியாக இருந்து, இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் தடுமாறும் ரிமோட்டுக்கு இதைச் சந்தேகப்படலாம். காங்கிரீட் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் நடுவே கம்பி கட்டிய தளம் இருக்கிறது. அதைத் துளைத்துப் போக வைப்பதைவிட, மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ரௌட்டர் பிளக் வைத்தால் திறந்த வழியாகவே சிக்னல் ஏறிவிடும். சுவருக்குள் ஜி.ஐ. பெட்டியில் அடைத்த சுவிட்ச் மாட்யூலும் நல்ல ரௌட்டராக இருக்காது. சுற்றிலும் பின்னாலும் இரும்பு, முன்பக்கம் மட்டும்தான் பிளாஸ்டிக்.

காந்தம் வைத்த ரிமோட்டை ஸ்டீல் பீரோவிலோ பிரிட்ஜிலோ கிரில் கேட்டிலோ ஒட்டியிருந்தால், அதைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். அப்போது மட்டும் ஒழுங்காக வந்தால், ஆன்டெனாவை உலோகம் அமுக்குகிறது. இடையில் ஒரு சென்டிமீட்டர் மரத்துண்டோ தெர்மாகோலோ வைத்தால் வித்தியாசம் லாக்கிலேயே தெரியும்.

இணைப்புத் தரத்தை எல்.க்யூ.ஐ. என்ற எண்ணாக 0 முதல் 255 வரை காட்டுவார்கள். ஒவ்வொரு கம்பெனியும் இதை ஒவ்வொரு மாதிரி கணக்கிடுவதால் இரண்டு வேறு பிராண்டு ரிமோட்டுகளை இதைவைத்து ஒப்பிட முடியாது. ஒரே ரிமோட்டை இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்க மட்டும் உதவும்.

கேட் ரிமோட்

433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் பெரும்பாலும் 12 வோல்ட் 23ஏ அல்லது 27ஏ பேட்டரி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், 27ஏ ஒல்லி. மாற்றிப் போட்டால் ஆடும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோடு ரிமோட்டைப் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொண்டு தூரத்தில் எங்கேயோ சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால், கேட்டின் எண்ணிக்கையும் ரிமோட்டின் எண்ணிக்கையும் விலகிப்போகும். கேட் பக்கத்தில் நின்று விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை அழுத்தினால் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். சேரவில்லை என்றால் மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் லேர்ன் பட்டனை வைத்துப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். மழையில் மட்டும் தூரம் குறைகிறதா? மோட்டார் பெட்டியிலிருந்து வெளியே நீளும் ஆன்டெனா வயரைப் பாருங்கள். எறும்பு கூடு கட்டி, தண்ணீர் இறங்கி, நுனி அரித்திருக்கும். 17 சென்டிமீட்டர் ஒற்றை வயரை நேராக நிறுத்திச் சால்டர் செய்தால் அந்த அலைவரிசைக்குப் பொருத்தமான ஆன்டெனா ஆகிவிடும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது இங்கே சகஜம். பூட்டிப் போகும்போது ட்ரிபிள்-ஏ ரிமோட்டுகளின் பேட்டரிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, எது எந்த ரிமோட்டுடையது என்று எழுதிவையுங்கள். ஜிக்பீ ரிமோட் பேர் செய்த விவரத்தைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் அது அழியாது. திரும்பி வந்ததும் முதலில் ஹப்பையும் ரௌட்டர் பிளக்குகளையும் போட்டு, அரை மணி நேரம் விட்டு, அதன் பிறகு ரிமோட்டில் பேட்டரியைப் போடுங்கள்.